காய் நறுக்கினால் கை அரிக்கிறதா? எது அலர்ஜி, எது இல்லை, என்ன செய்ய வேண்டும்: முழுமையான வழிகாட்டி

சேனைக்கிழங்கு நறுக்கினால் கை அரிக்கிறது. பச்சை மிளகாய் அரிந்தால் ராத்திரி வரை விரல் எரிகிறது. பூண்டு உரித்து உரித்து விரல் நுனி வெடித்துக் கிடக்கிறது. இறால் சுத்தம் செய்தால் மணிக்கட்டில் தடிப்புத் தடிப்பாக எழும்புகிறது. இந்த நாலுக்கும் நம் வீடுகளில் ஒரே பதில்தான்: "எனக்கு அது அலர்ஜி." அப்புறம் மருந்துக்கடையில் ஒரு அலர்ஜி மாத்திரை, அத்தோடு கதை முடிந்தது.

ஆனால் முதல் இரண்டும் யார் கையில் பட்டாலும் நடக்கும், அவற்றுக்கும் அலர்ஜிக்கும் சம்பந்தமே இல்லை. மூன்றாவது அலர்ஜியாகவும் இருக்கலாம், வெறும் எரிச்சலாகவும் இருக்கலாம். நாலாவதை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வகை தெரியாமல் மருந்து போட்டால் மிளகாய் எரிச்சலுக்கு மாத்திரை விழுங்கிவிட்டு விடிய விடிய எரிந்துகொண்டிருப்போம், இறால் தடிப்பை "சூடு" என்று சொல்லி விட்டுவிடுவோம். அதனால் முதலில் வகையைக் கண்டுபிடிப்போம், வைத்தியம் அதற்குப் பிறகு.

முதல் படி: எப்போது தொடங்கியது?

தொட்டதற்கும் தோலில் ஏதோ தெரிந்ததற்கும் நடுவே எவ்வளவு நேரம் ஆனது என்று யோசித்துப் பாருங்கள். பாதி விடை அதிலேயே இருக்கிறது.

நறுக்கிக்கொண்டிருக்கும்போதே, இல்லை முடித்த கொஞ்ச நேரத்தில் குத்தலோ எரிச்சலோ வந்தால், பெரும்பாலும் அந்தப் பொருளிலேயே தோலைக் குத்தும் அல்லது அரிக்கும் சரக்கு இருக்கிறது. சேனை, சேம்பு, மிளகாய், அன்னாசி, பப்பாளிக்காய்ப் பால் எல்லாம் இந்த ரகம்.

சில நிமிடங்களில் இருந்து ஒரு மணி நேரத்துக்குள் கொசு கடித்த மாதிரி தடிப்புகள் எழும்பி, அரித்து, சில மணி நேரத்தில் சுவடே இல்லாமல் அடங்கிவிட்டால் அது உடனடி அலர்ஜி. உணவில் உள்ள புரதத்தை உடம்பு எதிரியாக நினைத்துக்கொள்வதால் வருவது. மீன், இறால், நண்டு, முட்டை, பால், கோதுமை மாவு ஆகியவற்றில் இது பார்க்கக் கிடைக்கும்.

ஒரு நாள், இரண்டு நாள், சமயத்தில் மூன்று நாள் கழித்துச் சிவந்து, நீர் கோத்த பொடிக் கொப்புளங்கள் வந்து, வாரக்கணக்கில் இழுத்தடித்தால் அது தாமதமாக வரும் அலர்ஜி. ஆள் ஏமாறுவது இங்கேதான். செவ்வாய்க்கிழமை வந்த கொப்புளத்துக்குச் செவ்வாய்க்கிழமை சாப்பிட்ட கத்தரிக்காயைத் திட்டிக்கொண்டிருப்போம், ஞாயிற்றுக்கிழமை ஊறுகாய்க்கு நறுக்கிய மாங்காயை யாரும் நினைத்துக்கூடப் பார்ப்பதில்லை.

இது எதிலும் சேராமல், வெயிலில் போய்வந்த மறுநாளோ அதற்கு மறுநாளோ எரிந்து சிவந்து, பிறகு கருத்துப்போனால் எலுமிச்சையைச் சந்தேகப்படுங்கள். அதற்குப் பிறகு வருகிறேன்.

இரண்டாம் படி: எந்தக் கை, எந்த விரல்?

நல்ல வெளிச்சத்தில் இரண்டு கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வலது கைக்காரர் கத்தியை வலது கையில் பிடிப்பார், காயைப் பிடிப்பது இடது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நடுவிரலும். அந்த மூன்று விரல்களின் நுனியில் மட்டும் தோல் காய்ந்து, தடித்து, கோடுகோடாக வெடித்திருந்து வலது கை சுத்தமாக இருந்தால், தோல் மருத்துவர்கள் முதலில் கேட்கும் கேள்வி "பூண்டு நிறைய உரிப்பீர்களா?" என்பதுதான். இடது கைக்காரருக்கு இதுவே தலைகீழாக இருக்கும்.

இரண்டு கையிலும் புறங்கை, விரல் இடுக்கு, மோதிரத்துக்கு அடியில் என்று பரவலாகக் காய்ந்து சிவந்திருந்தால், குற்றவாளி காய்கறியாக இல்லாமல் தண்ணீரும் பாத்திரம் தேய்க்கும் சோப்புமாக இருக்கலாம். மோதிரத்தின் அடியில் சோப்பு தங்கிக்கொண்டு நாள் முழுக்க அரித்துக்கொண்டே இருக்கும். ஒரு நாளில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கை ஈரத்திலேயே இருப்பதைத் தோலைக் கெடுக்கக்கூடிய வேலையாகவே தொழில்நல மருத்துவத்தில் கணக்கு வைக்கிறார்கள். நம் ஊர் அடுக்களையில் அந்த இரண்டு மணி நேரம் காலை பத்து மணிக்கு முன்னாலேயே முடிந்துவிடும். இப்படி மேல்தோல் தேய்ந்த கையில் தக்காளி சாறு பட்டாலும் எரியத்தான் செய்யும், தக்காளி என்ன பண்ணும் பாவம்.

வாயைச் சுற்றி என்றால் மாம்பழம். மணிக்கட்டு, முன்கை என்றால் மீன், இறால் கழுவிய தண்ணீர் வழிந்த பாதை. சொட்டுச் சொட்டாக, வழிந்த கோடாகத் தெரிந்தால் எலுமிச்சைச் சாறு.

மூன்றாம் படி: பொருளுக்குத் தக்க வைத்தியம்

சேனை, கருணை, சேம்பு. இவற்றுக்குள் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் கண்ணுக்குத் தெரியாத ஊசிக் கட்டுகளாக இருக்கின்றன. நறுக்கும்போது அவை தோலில் ஏறுகின்றன, அதுதான் அந்தக் குத்தல். நறுக்குவதற்கு முன்னால் கிழங்கைக் கழுவாதீர்கள், கையையும் நனைக்காதீர்கள். மண்ணைக் காய்ந்த துணியால் துடைத்து, கையில் நல்லெண்ணெய் தாராளமாகத் தடவி, தோலைக் கனமாகச் சீவி, நறுக்கிய பிறகே கழுவுங்கள். ஏற்கெனவே அரிக்கத் தொடங்கிவிட்டதா? புளிக்கரைசலிலோ மோரிலோ கையை அலசி, அப்புறம் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சொறிந்தால் ஊசி இன்னும் உள்ளேதான் போகும். வேகவைக்கும்போதும் கொஞ்சம் புளி சேர்ப்பது வழக்கம். அரைவேக்காட்டில் இறக்கினால் கையில் நடந்தது தொண்டையில் நடக்கும். 'கஜேந்திரா' என்ற சேனை ரகம் அரிப்புக் குறைந்தது, கிடைத்தால் அதை வாங்குங்கள்.

மிளகாய். காரத்துக்குக் காரணமான கேப்சைசின், வெந்நீர் பட்டால் விழித்துக்கொள்ளும் அதே நரம்பு உணர்வியைப் போய்த் தட்டுகிறது. சாதாரணமாகச் சுமார் 43 டிகிரி வெப்பத்தில் வேலை செய்ய வேண்டிய உணர்வி அது. அதைக் கண்டறிந்ததற்காகத்தான் டேவிட் ஜூலியஸுக்கு 2021-இல் மருத்துவ நோபல் பரிசு பகிர்ந்து கொடுக்கப்பட்டது. அதனால்தான் விரலில் ஒரு சிவப்புக்கூட இல்லாமல் தணலைப் பிடித்த மாதிரி எரிகிறது, சுடுதண்ணீர் பட்டால் உயிர் போகிறது. தோலில் மெல்ல இறங்குவதால் நறுக்கி ஒரு மணி நேரம் கழித்துக்கூட எரிச்சல் தொடங்கும்.

கேப்சைசின் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். எனவே வரிசை இப்படி: கை ஈரமாவதற்கு முன் சமையல் எண்ணெயை நகக்கண் வரை நன்றாகத் தேய்த்து, துணியால் வழித்துத் துடையுங்கள். பிறகு பாத்திரம் கழுவும் திரவச் சோப்பால் கழுவுங்கள். எரிச்சல் மிச்சமிருந்தால் இதையே இன்னொரு முறை செய்துவிட்டு, குளிர்ந்த பாலிலோ தயிரிலோ விரலை வையுங்கள். ஐஸ் கட்டியை நேராகத் தோலில் வைத்து அழுத்த வேண்டாம், கை மரத்துப்போய் புண்ணாகிவிடும். ஊசிமிளகாய், காந்தாரி, வற்றல் காம்பு கிள்ளுவது என்றால் கையுறை போட்டுவிடுங்கள். காரம் அதிகம் இருப்பது விதையில் என்று சொல்வார்கள், உண்மையில் விதை ஒட்டியிருக்கும் அந்த வெள்ளைத் தண்டில்தான். அன்றைக்கு ராத்திரி காண்டாக்ட் லென்ஸைத் தொடாதீர்கள், குழந்தைக்குக் கால் கழுவிவிடும் வேலையையும் வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள்.

பூண்டு. பச்சைப் பூண்டு இரண்டு விதத்தில் கெடுக்கும். நசுக்கிய பூண்டில் உருவாகும் அல்லிசின் நேரடியாகவே தோலைச் சுடும். பருவுக்கும் மருவுக்கும் பல்வலிக்கும் பூண்டை நசுக்கி வைத்துத் துணி கட்டுகிற கைவைத்தியம் இருக்கிறதே, தயவுசெய்து வேண்டாம். ராத்திரி முழுக்க வைத்துக் காலையில் கொப்புளத்தோடு வருபவர்கள் உண்டு, குழந்தைகளுக்கு இன்னும் மோசம். இன்னொன்று, டையலில் டைசல்ஃபைடு என்ற கந்தகப் பொருளுக்கு ஏற்படும் தாமத அலர்ஜி. மேலே சொன்ன மூன்று விரல் வெடிப்பு இதனால் வருவது. பெரும்பாலான கையுறைகளை இந்தப் பொருள் ஊடுருவிவிடும், அதனால் "கையுறை போட்டும் சரியாகவில்லை, அப்போ பூண்டு இல்லை" என்று முடிவுகட்டக் கூடாது. உரிக்கும் வேலையை வீட்டில் வேறொருவருக்கு மாற்றிவிடுவதுதான் உருப்படியான வழி. உரித்த பூண்டை வாங்கினாலும் கையால் தொடாமல் முள்கரண்டியால் எடுத்துப் போடுங்கள். வெந்த பூண்டைத் தொட்டால் பொதுவாக இந்தத் தொந்தரவு வருவதில்லை.

மாங்காய், முந்திரி, சேங்கொட்டை. மூன்றும் ஒரே தாவரக் குடும்பம். மாங்காயின் காம்பை ஒடித்ததும் பீறிடும் பாலிலும், தோலிலும், முந்திரிக் கொட்டையின் ஓட்டு எண்ணெயிலும், துணிக்கு அடையாளம் போட சலவைத் தொழிலாளர்கள் பயன்படுத்திய சேங்கொட்டைச் சாற்றிலும் உறவுக்கார ரசாயனங்கள் இருக்கின்றன. ஒன்றுக்கு அலர்ஜி வந்தவருக்கு மற்றதிலும் வரலாம். பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைப்பவர்கள் கையில் எண்ணெயும் சாம்பலும் பூசிக்கொள்வது ஓட்டு எண்ணெய்க்குப் பயந்துதான். 1982-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், ஓட்டுத் துணுக்குகள் கலந்திருந்த முந்திரிப் பருப்பைத் தின்று ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களுக்குத் தோலில் தடிப்பும் அரிப்பும் வந்தது.

மாம்பழத்தைத் தோலோடு கடித்துச் சப்பிவிட்டு, இரண்டு நாள் கழித்து உதட்டைச் சுற்றிப் பொரிப்பொரியாக வந்தால் நம் ஊரில் உடனே "மாம்பழம் சூடு" என்பார்கள், சித்திரை வெயிலில் அம்மையோ என்று வேப்பிலையைத் தேடுகிறவர்களும் உண்டு. சூடு என்ற கணக்கு இங்கே பொருந்தாது என்பது என் கருத்து. அதே பழத்தை வேறொருவர் கழுவி, காம்புப் பக்கத்தைக் கனமாக வெட்டித் தள்ளி, தோல் சீவித் துண்டு போட்டுக் கொடுத்து, கரண்டியால் எடுத்துச் சாப்பிட்டால் பலருக்கு ஒன்றும் ஆவதில்லை. சதை சூடாக இருந்திருந்தால் அப்போதும் வந்திருக்க வேண்டுமே? ஆனால் உதடு, நாக்கு உடனே வீங்குகிறது, தொண்டை நமைக்கிறது என்றால் அது வேறு வகை, அவர்கள் மருத்துவரைப் பார்க்காமல் சாப்பிடக் கூடாது. மாவடு ஊறப்போடுகிறவர்கள் காம்பை ஒடித்துப் பாலை வடியவிட்டு, உடனே கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள். பால் பட்ட இடத்தை முகத்தில் துடைக்காதீர்கள்.

எலுமிச்சை. சாறு மட்டும் பட்டால் ஒன்றுமில்லை, வெயில் மட்டும் பட்டாலும் ஒன்றுமில்லை. இரண்டும் சேர்ந்தால்தான் வம்பு. எலுமிச்சையில், முக்கியமாகத் தோலில், ஃபியூரோகூமரின் என்ற பொருள்கள் இருக்கின்றன. வெயிலின் புற ஊதா ஏ கதிர் அவற்றின் மீது விழும்போது தோல் வெந்துபோகிறது. அரிப்பை விட எரிச்சல்தான் அதிகம், ஒன்றிரண்டு நாளில் கொப்புளம், அப்புறம் மாதக்கணக்கில் போகாத கருந்திட்டு. எலுமிச்சை பிழிந்த கையால் தூக்கிய குழந்தையின் முதுகில் விரல் பதிந்த மாதிரி கருப்பு விழுந்து, யாரோ அடித்துவிட்டார்கள் என்று மருத்துவமனையில் சந்தேகப்பட்ட சம்பவங்கள் மருத்துவ இலக்கியத்தில் உண்டு.

ஜூஸ் கடைக்காரர்கள், கல்யாணச் சமையலில் கூடை கூடையாகப் பிழிகிறவர்கள், கோயிலில் எலுமிச்சை விளக்குக்குத் தோலைத் திருப்புகிறவர்கள் எல்லோரும் வெயிலில் இறங்கும் முன் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், வேலை அவ்வளவுதான். முகத்தில் எலுமிச்சை தேய்த்துக்கொண்டு பைக்கில் கிளம்புகிறவர்களுக்கு நான் சொல்ல என்ன இருக்கிறது. குளியல் பொடியில் சேர்க்கும் கார்போக அரிசியிலும் இதே குடும்பத்துச் சொராலன் இருக்கிறது. பொடி தேய்த்துக் குளித்த பிறகு வெயிலில் கருக்கிறது என்றால் அதில் என்னென்ன சேர்த்து அரைத்தார்கள் என்று கேளுங்கள். கருந்திட்டு தானாக மங்கும், வெளுக்க வைக்கிறேன் என்று கண்ட கிரீமைப் போட்டால் இன்னும் கருக்கும்.

அன்னாசியும் பப்பாளிக்காயும். ப்ரோமெலின், பப்பெயின் என்ற நொதிகள் புரதத்தைக் கரைப்பவை. கறியை மெத்தென்று ஆக்கப் பப்பாளிக்காய் போடுகிறோமே, அதே வேலையைத்தான் நம் தோலிலும் செய்கின்றன. கையுறை போடுங்கள், முடித்ததும் கழுவுங்கள், போதும்.

மீன், இறால், நண்டு. இதில் கொஞ்சம் நிதானம் வேண்டும். பச்சையாகக் கழுவும்போது மட்டும் கையில் தடிப்பு வந்து, சமைத்துச் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாதவர்கள் உண்டு. அவர்களுக்கு நைட்ரைல் (ரப்பர் பால் சேராத செயற்கை ரப்பர்) கையுறையே பெரும்பாலும் போதும். பல வருடமாகக் கையில் கரப்பான் (எக்ஸிமா என்ற தோல் அழற்சி) இருந்து, மீனைத் தொட்ட சில நிமிடங்களில் அது கிளம்பி எரிகிற இன்னொரு வகையும் உண்டு. டென்மார்க்கில் சமையல் வேலை செய்பவர்களிடம் இதைக் கவனித்து 1976-இல் தனி வகையாக எழுதினார்கள். பரோட்டா மாவு பிசைகிறவர்களுக்கும் கோதுமைப் புரதத்தால் இதே மாதிரி வரலாம்.

ஆனால் தொட்ட இடத்தைத் தாண்டி உடம்பெல்லாம் தடிப்பு, உதடு கண் வீக்கம், குரல் மாறுதல், மூச்சு இரைப்பு, வாந்தி, தலைசுற்றல் இவற்றில் ஏதாவது சேர்ந்தால் அது தோல் பிரச்சினை என்ற எல்லையைத் தாண்டிவிட்டது. 108-ஐக் கூப்பிடுங்கள். தொடையில் போடும் அட்ரினலின் ஊசிதான் அதற்கு மருந்து, அலர்ஜி மாத்திரையைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கக் கூடாது. இறால் வேகும் ஆவியிலேயே இரைப்பு வருகிறவர்களும் உண்டு. அந்த வீட்டில் யார் சமைத்தாலும் அவர்கள் அடுக்களைக்கு வெளியே இருக்க வேண்டும்.

நாலாம் படி: கையுறை, எண்ணெய், சோப்பு

காய்கறிக்கு நைட்ரைல் கையுறை நல்லது. ரப்பர் கையுறை வாங்கிப் போட்ட பிறகு அரிப்பு கூடினால் ரப்பரே காரணமாக இருக்கலாம். ரப்பர் பாலுக்கு அலர்ஜி உள்ள சிலருக்கு வாழைப்பழம், வெண்ணெய்ப்பழம், கிவி இவற்றிலும் வாயில் நமைச்சல் வரும், புரதங்கள் ஒன்றுபோல் இருப்பதால். கையுறைக்குள் வியர்வை கோத்தாலும் தோல் ஊறும், எனவே அரை மணிக்கு மேல் போட்டபடியே இருக்க வேண்டாம், உள்ளே மெல்லிய பருத்தி உறை இருந்தால் உத்தமம். பாத்திரம் தேய்க்கத் தனி ஜோடி. மோதிரத்தைக் கழற்றிவிட்டு வேலை பாருங்கள். ஒவ்வொரு முறை கழுவிய பிறகும் துடைத்துவிட்டு வாசலின் மாதிரி வாசனையில்லாத களிம்பு தடவுங்கள். ராத்திரி ஒரு தடவை மட்டும் தடவினால் போதாது.

குழந்தைகள் விஷயத்தில் ஒரு வார்த்தை. தக்காளி, சாத்துக்குடி சாப்பிட்டு வாயைச் சுற்றிக் கொஞ்ச நேரம் சிவந்து அடங்குவது பெரும்பாலும் புளிப்பின் எரிச்சல்தான், சாப்பிடும் முன் வாயைச் சுற்றி வாசலின் தடவிவிட்டால் குறையும். ஆனால் கரப்பான் உள்ள குழந்தையை கடலை மாவு, பால், பாதாம் அரைத்துத் தேய்த்துக் குளிப்பாட்டுவதை நான் ஆதரிக்க மாட்டேன். புண்பட்ட தோல் வழியாக உணவுப் புரதம் உள்ளே போனால் அந்த உணவுக்கே அலர்ஜி உண்டாகலாம் என்பதற்கு இப்போது நல்ல ஆதாரம் இருக்கிறது. ஜப்பானில் கோதுமைப் புரதம் சேர்த்த ஒரு முகச் சோப்பைப் பயன்படுத்திய 2,000-க்கும் மேற்பட்டவர்களுக்குக் கோதுமை சாப்பிட்டாலே அலர்ஜி வந்து, 2011-இல் அந்தச் சோப்பைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றார்கள். தோலில் தேய்த்ததன் விளைவு, தட்டில் தெரிந்தது.

ஐந்தாம் படி: சந்தேகத்தை உறுதி செய்வது

நாள்பட்ட வெடிப்பு, கரப்பான் என்றால் சந்தேகப்படும் ஒரே ஒரு பொருளை இரண்டு மூன்று வாரம் கையால் தொடாமல் இருந்து பாருங்கள். ஒரே நேரத்தில் ஐந்தை நிறுத்தினால் எது காரணம் என்று கடைசி வரை தெரியாது. தினமும் ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் கையைப் போனில் படம் எடுத்து வையுங்கள். அன்று தொட்டதை ஒரு வரியில் குறித்துக்கொள்ளுங்கள், முந்திய இரண்டு நாள் பட்டியலும் வேண்டும் என்பதை மறக்காதீர்கள். பூண்டையோ மிளகாயையோ அரைத்துத் தோலில் ஒட்டி வீட்டிலேயே சோதிக்கிற வேலை கூடாது, அது எல்லோரையும்தான் சுடும். இறால், மீனில் தடிப்பு வந்தவர்கள் வீட்டில் எந்தச் சோதனையும் செய்ய வேண்டாம்.

மருந்துக்கடையில் "அரிப்புக்கு ஒரு கிரீம்" கேட்டால் ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாட்டிக் மூன்றும் கலந்த ட்யூபைக் கொடுத்துவிடுவார்கள். நாலு நாளில் பளிச்சென்று ஆகும், நிறுத்தினால் இரட்டிப்பாகத் திரும்பும், தொடர்ந்து போட்டால் தோல் மெலிந்துவிடும். ஸ்டீராய்டு தேவைப்படும் நேரம் உண்டு, எந்த வலிமையில் எத்தனை நாள் என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

தோல் மருத்துவர் இரண்டு விதச் சோதனைகளில் ஒன்றைச் சொல்வார். உடனடித் தடிப்புக்கு, பச்சைப் பொருளைக் குத்திய ஊசியால் முன்கையில் லேசாகக் குத்தி கால் மணி நேரத்தில் பார்ப்பார்கள், இதற்கு முன் எத்தனை நாள் அலர்ஜி மாத்திரையை நிறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள், வழக்கமாக ஒரு வாரம் வரை சொல்வார்கள். தாமத அலர்ஜிக்கு, முதுகில் மருந்துப் பட்டைகளை ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்து, அப்போது ஒரு முறையும் ஓரிரு நாள் கழித்து மறுபடியும் பார்ப்பார்கள். அதுவரை முதுகை நனைக்கக் கூடாது, வியர்க்கும் வேலையும் கூடாது, அதனால் கத்திரி வெயிலில் தேதி வாங்காதீர்கள். வழக்கமான பட்டை வரிசையில் பூண்டு இருக்கும் என்று நம்பிப் போக வேண்டாம். விரல் நுனிதான் பிரச்சினை என்றால் தேதி வாங்கும்போதே "பூண்டுக்கும் சேர்த்துப் பார்க்க முடியுமா" என்று கேட்டுவிடுங்கள், போனில் எடுத்த படங்களையும் கொண்டுபோய்க் காட்டுங்கள்.